மோஷன் கிராஃபிக்ஸா, ஸ்டாப் மோஷனா: டெக்னிக்கலாக எது மேல்?

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு மழைநீர் சேகரிப்பு பற்றி ஒரு நிமிடப் படம் செய்யப் போகிறீர்கள். மோஷன் கிராஃபிக்ஸா (கம்ப்யூட்டரில் வடிவங்களையும் எழுத்துகளையும் அசைப்பது) ஸ்டாப் மோஷனா (நிஜப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுப்பது) என்று இன்னும் முடிவாகவில்லை. இரண்டின் டெக்னிக்கல் தரத்தையும் ஒப்பிட்டு ரிப்போர்ட்டும் எழுத வேண்டும். கையில் இருப்பது ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், 8 ஜிபி ராம் உள்ள ஒரு லேப்டாப், இது போதுமா. கேள்வியை இப்படித்தான் புரிந்துகொண்டேன். “எது தரம் கூடியது” என்று நேராகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டிலும் அசத்தலாகவும் செய்யலாம், சகிக்க முடியாத மாதிரியும் செய்யலாம். உங்களுக்கு உண்மையில் உதவக்கூடிய கேள்வி வேறு: ஒவ்வொன்றிலும் பிழை எந்த வழியாக உள்ளே வருகிறது, வந்தபிறகு அதைச் சரிசெய்ய முடியுமா? ரிப்போர்ட்டை இதன் மேல் கட்டினால் வெறும் அட்டவணையாகப் போகாது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷமாக மோஷன் கிராஃபிக்ஸ்தான் எனக்குச் சோறு போடுகிறது, முதலில் டிவி செய்திப் பிரிவில், அப்புறம் விளம்பரங்களில். ஸ்டாப் மோஷன் மேசை அளவில்தான் செய்திருக்கிறேன்: காகித வெட்டுகள், க்ளே, சாப்பாட்டுப் பொருட்கள் தானாக நகரும் சின்ன விளம்பரங்கள். உள்ளே உலோக எலும்புக்கூடு வைத்த பப்பட்டுகளை வைத்து முழுநீளப் படம் எடுக்கும் ஸ்டுடியோ எதிலும் வேலை பார்த்ததில்லை. அதனால் அந்தப் பக்கம் நான் சொல்வது படித்தும் கேட்டும் தெரிந்தது, மற்றதெல்லாம் கைப்பட்டது.

ஒரு ஃப்ரேம் எப்படிப் பிறக்கிறது என்பதில் ஆரம்பிக்கலாம், மீதி எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஒரு பொம்மையின் கை அரை விநாடியில் 6 செ.மீ. உயர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் அது 12 ஃப்ரேம். அடோபியின் மோஷன் கிராஃபிக்ஸ் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் நான் வைப்பது இரண்டே கீஃப்ரேம், அதாவது இந்த நேரத்தில் கை இங்கே என்று சொல்லும் குறி, ஆரம்பத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. நடுவில் உள்ளதை மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். எஃப் 9 தட்டினால் ஈஸி ஈஸ், அந்த மென்மையின் அளவான இன்ஃப்ளூயன்ஸ் 33.33 சதவீதம், கை மெதுவாகக் கிளம்பி மெதுவாக நிற்கும். மந்தமாகத் தெரிகிறதா, கிராஃப் எடிட்டரைத் திறந்து கைப்பிடியை 80 வரைக்கும் இழுத்தால் அதே கை விருட்டென்று எழும். சில விநாடி வேலை. ஸ்டாப் மோஷனில் அதே அரை விநாடியை ‘டூஸ்’ முறையில், அதாவது ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி எடுத்தால், கைக்கு 6 நகர்வு. நான் 3, 9, 16, 18, 10, 4 மில்லிமீட்டர் என்று நகர்த்துவேன், கூட்டினால் 60. அந்த ஈஸ் முழுக்க விரலில்தான் இருக்கிறது. நாலாவது நகர்வில் 18க்குப் பதில் 13 நகர்த்திவிட்டால் கை நடுவழியில் ஒரு கணம் யோசித்த மாதிரி தெரியும். அது பிளே செய்து பார்க்கும்போதுதான் கண்ணில் படும், அதற்குள் கை மேலே போய்ச் சேர்ந்திருக்கும். மறுபடி அதை பழைய இடத்துக்கு மில்லிமீட்டர் சுத்தமாகக் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. அந்த ஷாட்டை முதலிலிருந்து எடுப்பதே சுலபம்.

ஆக, மோஷன் கிராஃபிக்ஸில் எந்த முடிவும் கடைசி முடிவு இல்லை. உங்கள் கைடு பார்த்துவிட்டு “அந்த வீடு இன்னும் கொஞ்சம் இடது பக்கம் இருந்தால் நன்றாயிருக்குமே” என்று சொன்னால், சிரித்துக்கொண்டே நகர்த்திவிடலாம். ஸ்டாப் மோஷனில் அந்த வாக்கியம் ஒரு ராத்திரி வேலை. அதற்காக ஸ்டாப் மோஷனில் திருத்தவே முடியாது என்று எழுதிவிடாதீர்கள், அது ஃபிலிம் காலத்துக் கதை. ஒரு படத்தை இரண்டுக்குப் பதில் மூன்று ஃப்ரேம் நிறுத்தி டைமிங்கை மாற்றலாம், பொம்மையைத் தாங்கிப் பிடிக்கும் கம்பியை, பொம்மை இல்லாமல் எடுத்த காலிப் படத்தை வைத்து அழிக்கலாம். 2009-இல் வந்த ‘கோரலைன்’ படத்தில் முகங்களை 3டி பிரிண்ட் செய்து, மேல்பாதி கீழ்பாதி என்று கண் மட்டத்தில் பிரித்து, தேவைக்கேற்ப மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். பொருத்திய இடத்தில் தெரிந்த கோட்டை பிறகு கம்ப்யூட்டரில் அழித்தார்கள். எல்லாம் நடக்கும், ஆனால் எடுத்த படத்தில் இல்லாததைக் கொண்டுவருவது மட்டும் கஷ்டம்.

அடுத்தது மோஷன் பிளர், அதாவது அசைவால் படத்தில் விழும் மங்கல். ரிப்போர்ட்டில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் உள்ள தோற்ற வித்தியாசத்தில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. சாதாரண வீடியோ கேமராவில் 24 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 24 ஃப்ரேம்), 180 டிகிரி ஷட்டர் (ஒரு ஃப்ரேமுக்கான நேரத்தில் பாதி திறந்திருப்பது) என்றால் ஒவ்வொரு ஃப்ரேமும் 1/48 விநாடி வெளிச்சம் வாங்குகிறது, அந்த நேரத்துக்குள் பொருள் நகர்ந்தால் படத்தில் ஒரு இழுப்பு விழுகிறது. நம் கண்ணுக்கு அந்த இழுப்பு பழகிப்போனது. ஸ்டாப் மோஷனில் படம் எடுக்கும் கணத்தில் பொருள் அசையாமல் நிற்பதால் எவ்வளவு வேகமான அசைவானாலும் ஒவ்வொரு ஃப்ரேமும் கத்தி மாதிரி கூர்மையாக இருக்கும். மெதுவான அசைவில் இது அழகு. வேகமான அசைவில், பொருள் தன் அகலத்தைவிட அதிகத் தூரம் ஒரே தாவலில் போய்விட்டால், கண்ணால் இரண்டையும் ஒட்ட முடியாமல் விட்டு விட்டுத் துடிக்கிற மாதிரி தெரியும். இதைத் தீர்க்க ஹாலிவுட்டில் படாதபாடு பட்டிருக்கிறார்கள். 1981-இல் வந்த ‘டிராகன்ஸ்லேயர்’ படத்துக்காக ஐஎல்எம் என்ற ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தில் ஃபில் டிப்பெட்டும் கூட்டாளிகளும் ‘கோ மோஷன்’ என்று ஒன்றைச் செய்தார்கள்: கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மோட்டார்கள் பொருத்திய கம்பிகள், ஷட்டர் திறந்திருக்கும்போதே பொம்மையை லேசாக அசைக்கும், பிளர் நிஜமாகவே விழும். ‘ஜுராசிக் பார்க்’ படத்துக்கும் முதலில் அதைத்தான் யோசித்திருந்தார்கள், பிறகு கம்ப்யூட்டர் டைனோசர்கள் அந்த இடத்தைப் பிடித்தன. மோஷன் கிராஃபிக்ஸில் இதெல்லாம் லேயர் பக்கத்தில் ஒரு சுவிட்ச். தட்டினால் பிளர், ஷட்டர் ஆங்கிள் 180 தானாகவே இருக்கும், வேண்டுமானால் 720 வரைக்கும் ஏற்றிக்கொள்ளலாம். இங்கே ஆபத்து எதிர்ப்பக்கம்: பலர் அதைத் தட்டவே மறக்கிறார்கள், அப்புறம் 1920 பிக்சல் திரையை ஒரு விநாடியில் கடக்கும் எழுத்து ஃப்ரேமுக்கு 80 பிக்சல் தாவி, ஸ்டாப் மோஷன் மாதிரியே துடிக்கிறது, ஆனால் அந்த அழகு மட்டும் இல்லாமல்.

இப்போது ஃப்ளிக்கர். ஸ்டாப் மோஷனில் முதல்முறை இறங்குகிறவர்கள் எல்லாரும் மாட்டுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன். அடுத்தடுத்த படங்களின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறினாலே போதும், ஓட்டிப் பார்க்கும்போது படம் முழுக்க படபடக்கும். முதல் குற்றவாளி லென்ஸ். இன்றைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் எப்போதும் முழுசாகத் திறந்தே இருக்கும், ஷட்டரை அமுக்கும்போது மட்டும் வெளிச்சம் நுழையும் துளையை (அப்பெர்ச்சர்) நீங்கள் வைத்த அளவுக்கு, எஃப்/11 என்று வைத்துக்கொள்ளுங்கள், மூடி மறுபடி திறக்கும். ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசத்தில் மூடும். ஸ்டில் போட்டோவில் யாரும் கவனிக்க மாட்டார்கள், விநாடிக்கு 12 படம் ஓடும்போது நன்றாகவே தெரியும். இதற்கு வழி, அப்பெர்ச்சர் வளையம் உள்ள பழைய மேனுவல் லென்ஸ். நிக்கானின் பழைய லென்ஸை அடாப்டர் போட்டு கேனான் பாடியில் மாட்டுவது இந்தத் தொழிலில் பழைய தந்திரம், வளையத்தில் வைத்த அளவிலேயே துளை நின்றுவிடும். கேனான் லென்ஸே இருந்தால், அப்பெர்ச்சரை வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பட்டனை (துளையை வைத்த அளவுக்கு மூடிக் காட்டுவது) அமுக்கிப் பிடித்தபடி லென்ஸைக் கொஞ்சம் திருகி மின்தொடர்பைத் துண்டித்தால் துளை அப்படியே நிற்கும். அப்போது லென்ஸ் முழுசாகப் பூட்டியிருக்காது, டேப் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் கீழே விழும்.

அப்புறம் லைட். ஜன்னல் பக்கத்தில் வைத்து எடுப்பதை மறந்துவிடுங்கள், ஒரு மேகம் போதும் எல்லாவற்றையும் கெடுக்க. ஜன்னலை கறுப்புத் துணியால் மூடுங்கள். நம் வீடுகளில் ஃப்ரிட்ஜோ தண்ணீர் மோட்டாரோ ஓட ஆரம்பிக்கும்போது வோல்டேஜ் இறங்கும், பழைய குண்டு பல்பு அதோடு சேர்ந்து மங்கும். நல்ல டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள எல்இடி பேனல் இதைத் தாங்கும். மலிவான எல்இடி என்றால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை மினுக்கும். 1/200 மாதிரி வேகமான ஷட்டரில் எடுத்தால் ஒரு படம் மினுக்கலின் உச்சியிலும் அடுத்தது பள்ளத்திலும் விழும். பொருள்தான் அசையவில்லையே, எதற்கு அவசரம்? ஐஎஸ்ஓ 100, அரை விநாடி எக்ஸ்போஷர் என்று வையுங்கள், மினுக்கல் எல்லாம் சராசரியாகிவிடும். வைட் பேலன்ஸ், ஃபோகஸ், ஐஎஸ்ஓ எதுவும் ஆட்டோவில் இருக்கக்கூடாது. கடைசியாக நீங்களே ஒரு காரணம்: வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேசைப் பக்கத்தில் நின்றால் சட்டையில் பட்ட வெளிச்சம் செட்டில் திரும்பி விழும், நீங்கள் ஒரு அடி தள்ளி நின்று அடுத்த படம் எடுத்தால் அது மாறிவிடும். கறுப்பு டீஷர்ட் போட்டு, தரையில் டேப் ஒட்டி, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்று ரிமோட்டை அமுக்குங்கள். டிரைபாட் கால்களையும் தரையோடு ஒட்டுங்கள். நடுவில் பேட்டரி மாற்றினால் கேமரா அசையும், ஆகவே கரண்டில் ஓடும் டம்மி பேட்டரி வாங்கிவிடுவது நல்லது. சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டியிருக்கும், நிறுத்தினால் வெக்கையில் க்ளே இளகும். அது எண்ணெய் சேர்ந்த களிமண், சூட்டில் கால் வளையும். மெல்லிய அலுமினியக் கம்பியை உள்ளே வைத்து மேலே மட்டும் க்ளே பூசினால் ஓரளவு நிற்கும்.

இத்தனையும் செய்தபிறகும் கொஞ்சம் அதிர்வு மிஞ்சும், அதை அழிக்கலாமா வேண்டாமா என்பது ரசனை. 1933-இன் ‘கிங் காங்’கில் அந்த ராட்சதக் குரங்கின் உடம்பில் முயல் ரோமம், வில்லிஸ் ஓ’பிரையன் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதைத் தொட்டு நகர்த்தியதில் விரல் பட்ட இடமெல்லாம் ரோமம் கலைந்து, திரையில் அது சிலிர்ப்பது போல ஓடிக்கொண்டே இருக்கும். தொழில்நுட்பக் கணக்கில் அது குறை. எனக்கு அது இல்லாத காங் பிடிக்காது, ஆனால் இதை நீங்கள் ரிப்போர்ட்டில் உண்மையாக எழுத முடியாது, என் விருப்பம் அவ்வளவுதான்.

ரெசல்யூஷன் பக்கம் வந்தால் பலருக்கும் ஆச்சரியமான ஒரு விஷயம் இருக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆராக இருந்தாலும் ஸ்டாப் மோஷனில் உங்கள் கைக்குக் கிடைப்பது வீடியோ இல்லை, முழு ஸ்டில் போட்டோ. 24 மெகாபிக்சல் என்றால் 6000க்கு 4000. ஃபுல் எச்டி வெறும் 20 லட்சம் பிக்சல், 4கே-யே சுமார் 83 லட்சம்தான். அதே கேமராவின் வீடியோ மோடு கனவிலும் தராத விவரமும் நிழல்பகுதித் தகவலும் ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்) இருக்கும். டிம் பர்ட்டனும் மைக் ஜான்சனும் இயக்கி 2005-இல் வந்த ‘கார்ப்ஸ் பிரைட்’ முழுப் படமும் டிஜிட்டல் ஸ்டில் கேமராவில்தான் எடுக்கப்பட்டது. 6000 பிக்சல் அகலம் உங்கள் கையில் இருந்தால், 1920 அகலப் படத்துக்கு மூன்று மடங்கு ஜூம் வரைக்கும் எடிட்டில் தரம் கெடாமல் செய்யலாம். பக்கவாட்டில் வெட்டினால் 2250க்கு 4000 கிடைக்கும், அதிலிருந்து ரீல்ஸுக்கான நெட்டுக்குத்து வடிவமும் வரும், முதலிலேயே அதை மனதில் வைத்து ஃப்ரேம் வைத்திருந்தால். மோஷன் கிராஃபிக்ஸில் பிக்சலாக இல்லாமல் கணக்காக வரையப்படும் வெக்டார் வடிவங்களுக்கு எல்லையே கிடையாது, எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மைதான். ஆனால் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளின் ஃபைலைக் கொண்டுவந்து பெரிதாக்கும்போது ‘கன்டின்யுவஸ்லி ராஸ்டரைஸ்’ சுவிட்சைத் தட்டாவிட்டால் அதுவும் சாதாரண போட்டோ மாதிரி மங்கும், தட்டாமல் விடுகிறவர்கள்தான் நிறையப் பேர். லென்ஸ் பற்றி ஒரு வரி: மேசையில் உள்ள சின்னப் பொருளைக் கிட்டத்தில் எடுத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம் (டெப்த்) குறைந்து பின்னால் எல்லாம் மங்கிப்போகும், பார்ப்பவருக்கு உடனே “இது பொம்மை” என்று தெரிந்துவிடும். எஃப்/11, எஃப்/16 என்று மூடுங்கள்.

கடைசியில் இரண்டும் யூட்யூபிலோ வாட்ஸ்அப்பிலோதான் போய் நிற்கப் போகிறது, அங்கே கதை தலைகீழாகும். மோஷன் கிராஃபிக்ஸின் பலமான தட்டையான நிறமும் வழவழப்பான கிரேடியன்ட்டும் அங்கே பலவீனம். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். கறுப்பிலிருந்து சற்றே வெளுத்த சாம்பலுக்குப் போகும் பின்னணி, 20-இலிருந்து 40 வரை என்று வைத்துக்கொண்டால் 20 படி; 1920 பிக்சலில் அவற்றைப் பரப்பினால் ஒவ்வொரு படியும் 96 பிக்சல் அகலம், பட்டை பட்டையாகக் கண்ணுக்கே தெரியும். ப்ராஜெக்டை 16 பிட்டுக்கு மாற்றி, மேலே கொஞ்சம் நாய்ஸ் தூவினால் மறையும். இன்னொன்று, வீடியோவைச் சுருக்கும் முறையான எச்.264-இல் வழக்கமாக வரும் 4:2:0 முறையில் நிறத் தகவல் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி, மொத்தத்தில் கால்பங்குதான் சேமிக்கப்படுகிறது. கறுப்பில் சிவப்பு எழுத்து போட்டால் ஓரம் பிசிறடிப்பது அதனால்தான், மானிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. வெள்ளையோ மஞ்சளோ போட்டால் தப்பிக்கலாம். ஸ்டாப் மோஷனில் பட்டை விழாது, பொருளின் சொரசொரப்பே அதை மறைத்துவிடும். ஆனால் ஃப்ளிக்கர் இருந்தால் ஒவ்வொரு படமும் முழுக்கப் புதுப் படம் என்று வீடியோவைச் சுருக்கும் என்கோடர் நினைத்து பிட்ரேட்டை (விநாடிக்குக் கிடைக்கும் டேட்டா அளவு) விழுங்கும், வாட்ஸ்அப்பில் கட்டம் கட்டமாக உடையும். டூஸில் எடுப்பதில் இங்கே ஒரு லாபம் உண்டு, இரண்டாவது ஃப்ரேம் அச்சு அசல் முதல் படமேதான் என்பதால் அதற்கு என்கோடர் கிட்டத்தட்ட எதையும் செலவழிக்காது. எடிட்டில் மேலே கிரெயின் போட்டீர்களானால் அந்த லாபம் போய்விடும்.

“ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலேயே ஸ்டாப் மோஷன் மாதிரி செய்துவிட முடியாதா” என்று அடுத்து கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். ஓரளவுக்கு முடியும். ‘போஸ்டரைஸ் டைம்’ போட்டு 12 எஃப்பிஎஸ் ஆக்குங்கள், மோஷன் பிளரை அணையுங்கள், பொசிஷனில் ஒரு பிக்சல், ரொட்டேஷனில் அரை டிகிரி ‘விகிள்’ (தாறுமாறான சின்ன ஆட்டம்) கொடுங்கள். காகித வெட்டு என்றால் பத்தில் எட்டுப் பேர் ஏமாந்துவிடுவார்கள் என்பது என் ஊகம், எண்ணிப் பார்த்ததில்லை. க்ளே என்றால் மாட்டிக்கொள்வீர்கள், காரணம் வெளிச்சம். ஒரு க்ளே உருண்டையைப் போட்டோ எடுங்கள், லைட் இடது மேல்பக்கத்திலிருந்து வருகிறது, பளபளப்பும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் படத்தை ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வலப்பக்கமாக 90 டிகிரி உருட்டினால் பளபளப்பும் சேர்ந்து உருண்டு வலது மேல்பக்கம் போய்விடும், நிழலும் கூடவே சுற்றும். நிஜ உருண்டையை மேசையில் உருட்டினால் பளபளப்பு லைட்டுக்கு எதிரிலேயே நிற்கும், அதன் அடியில் விரல்ரேகை மட்டும் நகர்ந்து போகும். பார்ப்பவருக்கு இந்தக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்பது தெரிந்துவிடும். இதைத் தாண்ட முழு 3டி-க்குப் போக வேண்டும். 2014-இன் ‘தி லெகோ மூவி’ அப்படி முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தது. ஸ்டாப் மோஷன் என்று நம்பவைக்க மோஷன் பிளரைத் தவிர்த்து, பிளாஸ்டிக்கில் கீறலும் விரல்ரேகையும் மெனக்கெட்டு வரைந்து சேர்த்தார்கள். ஒருபக்கம் குறை வராமல் தடுக்க கறுப்புச் சட்டை போடுகிறோம், மறுபக்கம் குறையை உண்டாக்க ஆள் வைத்து வேலை வாங்குகிறார்கள்.

உங்கள் படத்தில் தமிழ் எழுத்து வரும் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழைத் தட்டினால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்கும், அதனால்தான் நம் ஊர் டிசைனர்கள் பலர் பழைய எழுத்துருக்களிலேயே நெடுநாள் காலம் தள்ளினார்கள். பிந்திய பதிப்புகளில் டெக்ஸ்ட் என்ஜினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றும் வசதி ப்ரிஃபரன்ஸஸில் இருக்கிறது, அதை மாற்றிவிட்டு லேயரைப் புதிதாகப் போடுங்கள். ஒவ்வொரு எழுத்தாகத் துள்ளி வரும் அனிமேஷன் வேண்டுமென்றால் நான் டெக்ஸ்ட் லேயரை நம்புவதில்லை. ‘கொ’வில் கொம்பு ஒருபக்கம் துள்ள, துணைக்கால் இன்னொரு பக்கம் துள்ளினால் பார்க்க முடியாது, எழுத்தை ஷேப்பாக மாற்றி, ஒரு எழுத்துக்கு உரிய துண்டுகளைக் கையால் ஒன்றாகச் சேர்த்துவிட்டு அசைப்பதே நிம்மதி. ஸ்டாப் மோஷனில் இந்தத் தலைவலி கிடையாது, கத்தரிக்கோலுக்கு எல்லா மொழியும் ஒன்றுதான்.

சரி, உங்கள் படத்துக்கு எது? மொட்டைமாடியில் விழும் மழை குழாய் வழியாக வடிகட்டித் தொட்டிக்கு வந்து, கூழாங்கல், ஜல்லி, மணல் தாண்டி கிணற்றிலோ நிலத்திலோ இறங்குவதை நீங்கள் காட்ட வேண்டும். இந்தக் குறுக்குவெட்டுப் பகுதி மோஷன் கிராஃபிக்ஸுக்கே பிறந்தது: அம்புக்குறி, அளவு, பெயர், படிப்படியாகத் திறக்கும் அடுக்குகள், கைடு சொன்னால் மாற்றக்கூடிய எண்கள். ஸ்டாப் மோஷனில் தண்ணீரைக் காட்டுவது பெரும்பாடு. நிஜத் தண்ணீர் சொன்ன இடத்தில் நிற்காது, கிளிசரின் சொட்டு, ஹேர் ஜெல், கிளிங் ஃபிலிம் என்று ஏதாவது ஒன்றை வைத்து ஒப்பேற்ற வேண்டும், அதுவும் ஓடும் தண்ணீருக்கு ஒத்துவராது. ஆனால் முதல் பதினைந்து விநாடியை, வறண்ட தெரு, காலிக் குடங்கள், வந்து போகும் லாரி, இதைக் காகித வெட்டில் மேலிருந்து கேமரா வைத்து நிஜமாகவே எடுங்கள். டூஸில் 180 படம்தான், இரண்டு மூன்று ராத்திரியில் முடியக்கூடியது. தொழில்முறை ஸ்டுடியோக்களிலேயே ஒரு அனிமேட்டர் நாள் முழுக்க வேலை செய்தால் சில விநாடிதான் தேறும் என்பதால், ஒரு நிமிடம் முழுவதையும் க்ளேயில் எடுக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம். குறுக்குவெட்டுப் பகுதியிலும் அதே காகிதத்தின் போட்டோவை டெக்ஸ்சராக வைத்து, 12 எஃப்பிஎஸ்ஸில் ஓட்டினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மொத்த ப்ராஜெக்டையும் 24-இல் வையுங்கள். டிவிக்கு 25 என்பார்கள், ஆனால் 25 இரண்டால் வகுபடாது, டூஸில் ஒவ்வொரு விநாடியும் ஒரு ஃப்ரேம் இடிக்கும். இதில் எனக்குச் சந்தேகம் உள்ள இடம் ஒன்றுதான்: காகிதம் நிஜமாக இருந்தால் பார்ப்பவர் மனதில் செய்தி இன்னும் ஆழமாகப் பதியும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ரிப்போர்ட்டில் அதை முடிவாக எழுதாதீர்கள், வேண்டுமானால் இரண்டு வடிவத்தையும் உங்கள் வகுப்பில் போட்டுக் காட்டி நீங்களே கேட்டுப் பாருங்கள்.

லேப்டாப் விஷயம். ஸ்டாப் மோஷனுக்கு 8 ஜிபி தாராளம், டிராகன்ஃப்ரேம் மாதிரி மென்பொருள் கேமராவின் லைவ் வியூவையும் முந்தைய படத்தையும் மேல்மேலாகக் காட்டுவதோடு சரி. அது காசு கொடுத்து வாங்குவது, உங்கள் கேமரா மாடலை ஏற்குமா என்று முதலில் பாருங்கள். ரா ஃபைல் ஒன்றுக்கு 25 எம்பி என்று வைத்தால் 180 படத்துக்கு 4.5 ஜிபி, டிஸ்க்கில் இடம் இருந்தால் போதும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குத்தான் 8 ஜிபி இடிக்கும். அடோபியே குறைந்தபட்சம் 16 கேட்கிறது. ஒரு ஃபுல் எச்டி ஃப்ரேம் 8 பிட்டில் ராமில் ஏறக்குறைய 8.3 எம்பி பிடிக்கும், ஒரு நிமிடத்துக்கு 1440 ஃப்ரேம், 12 ஜிபி ஆயிற்று. 16 பிட் என்றால் அதற்கு இரட்டிப்பு. பிரிவ்யூவை ‘ஹாஃப்’ ரெசல்யூஷனுக்கு மாற்றினால் கால்பங்குதான் ஆகும், பத்துப் பத்து விநாடியாகத் தனித்தனி காம்ப் (ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒரு காட்சிக்கான டைம்லைன்) போட்டு வேலை செய்யுங்கள், 16 பிட்டுக்கு ரெண்டர் கொடுக்கும்போது மட்டும் மாறுங்கள். கேமரா மாடல் என்ன, லென்ஸில் அப்பெர்ச்சர் வளையம் இருக்கிறதா என்று எழுதுங்கள், ஃப்ளிக்கருக்கு எந்த வழி உங்களுக்குச் சரிவரும் என்று சொல்கிறேன்.